நூறு வெள்ளித் தேனும் பத்து வெள்ளித் தேனும்

சென்ற இதழில் இருமல் மருந்துகளைப் பற்றி எழுதும்போது, "சளி இருமலுக்குத் தேன் நல்லது, அது விலை உயர்ந்த தேனாக இருக்க வேண்டியதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இம்முறை வேறு எதையும் தொடாமல் தேனைப் பற்றி மட்டுமே பதில் எழுதுகிறேன். மருத்துவமனை மருந்தக முகப்பில் நின்ற காலத்திலேயே இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கம். மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு நகரப் போகிறவர் திரும்பி வந்து, பையிலிருந்து ஒரு தேன் புட்டியை எடுத்து வைத்து, "இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். அவர் வாங்கிய மருந்துக்கு மானியம் உண்டு; தேனுக்குக் கிடையாது.

கேள்வி: என் மாமியாருக்கு வயிற்றுப்புண். என் கணவர் மாதந்தோறும் "யுஎம்எஃப் 20+" என்று அச்சிட்ட மனுக்கா தேன் வாங்கி வருகிறார். சிறிய புட்டிதான், ஆனால் நூறு வெள்ளியைத் தாண்டுகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள்? அவ்வளவு விலை கொடுப்பது தகுமா? கேட்டால், "அம்மாவின் உடம்பைவிடப் பணமா பெரிது?" என்கிறார். (வாசகி, ஈசூன்)

உங்கள் கணவரின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சகோதரி. அந்த அன்பை நம்பித்தான் இந்தச் சந்தையே நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். எண்ணின் கதையை முழுமையாகச் சொல்கிறேன். அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

எந்தத் தேனிலும் கிருமி எளிதில் வளராது. அதில் சர்க்கரை மிகுதி, நீர் குறைவு, புளிப்புத்தன்மையும் உண்டு. போதாததற்குத் தேனீ சேர்க்கும் ஒரு நொதி, தேன் நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் என்ற ஆய்வாளர் 1980களில் ஒன்றைக் கவனித்தார். பெராக்சைடை நீக்கிய பிறகும் மனுக்கா செடியின் தேன் மட்டும் கிருமிகளை அடக்கியது. காரணம் நெடுநாள் தெரியவில்லை. 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹென்லேயின் குழு அதைக் கண்டுபிடித்தது. மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள்தான் அந்தக் காரணம். மனுக்கா பூந்தேனில் இருக்கும் வேறொரு பொருள், தேன் இருப்பில் இருக்க இருக்க மெல்ல இதுவாக மாறுகிறது. புட்டியில் "எம்ஜிஓ" என்று போட்டிருப்பது இதன் அளவு, ஒரு கிலோ தேனில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. யுஎம்எஃப் என்பது நியூசிலாந்தின் யுஎம்எஃப் தேன் சங்கம் தரும் தர அடையாளம். யுஎம்எஃப் 10+ என்றால் குறைந்தது 263 மில்லிகிராம்; 15+ என்றால் 514; 20+ என்றால் 829.

ஆக, எண் பொய்யில்லை. அது அளந்து போட்ட எண். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த மெத்தில்கிளையாக்சால் உங்கள் மாமியாரின் வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான். அதைக் கண்டுபிடித்த அதே டிரெஸ்டன் குழு 2013இல் இதையும் ஆராய்ந்து எழுதியது. மனுக்கா தேனைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் அந்தப் பொருளின் அளவு கூடவில்லை. செரிமானத்தைப் போன்ற சூழலைச் சோதனைக்கூடத்தில் அமைத்துப் பார்த்தபோது அதன் பெரும்பகுதி சிதைந்துபோனது. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள், வாய் வழியே போனால் உடம்புக்குள் அப்படியே உலாவுவதில்லை. எண் 10 ஆனாலும் 20 ஆனாலும் இதுவே நிலை.

வயிற்றுப்புண்ணைப் பொறுத்தவரை காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் தொடர்ந்து போடும் வலி மாத்திரைகள். அந்தக் கிருமி இருக்கிறதா என்பதை மூச்சுச் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்து இரண்டு வாரம்போல் கொடுப்பார்கள்; பெரும்பாலோருக்கு அத்துடன் தீர்ந்துவிடும். மனுக்கா தேனைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய சோதனையின் முடிவு 1999இல் இங்கிலாந்தில் வெளியானது. அதில் ஒருவருக்கும் அந்தக் கிருமி நீங்கவில்லை. மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போய், அவர் போடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தானே வாங்கும் வலி மாத்திரை உட்பட, மேசையில் எடுத்துவைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ நாள் கடத்தவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் உணவு விதிமுறைகள், உணவுப் பொருளின் மேல் "நோயைக் குணப்படுத்தும், தடுக்கும்" என்று அச்சிட அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டுப் புட்டியை எடுத்துப் பாருங்கள். வயிற்றுப்புண் என்ற சொல் அதில் எங்கும் இருக்காது. அந்தச் சொல் விற்பவர் வாயிலிருந்து வந்திருக்கும், அல்லது வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அச்சில் போட முடியாததை வாயால் சொல்லி விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் செயல். கேட்பவர் பெரும்பாலும் வயதானவர், வலியோடு வந்தவர்.

கேள்வி: அப்படியானால் மனுக்கா தேன் முழுக்க ஏமாற்றா? போலி மனுக்கா தேனும் உண்டு என்கிறார்களே! (வாசகர், பொங்கோல்)

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். மனுக்கா அடர்ந்த, கூழ்போன்ற தேன். மூலிகை வாசமும் இலேசான கசப்பும் உண்டு. அந்தச் சுவை பிடித்து, கையில் வசதியும் இருந்து வாங்குபவரிடம் எனக்கு வழக்கு ஏதுமில்லை.

போலி குறித்த பயம் நியாயமானது. அதனால்தான் நியூசிலாந்து அரசு 2018 முதல், மனுக்கா என்ற பெயரில் ஏற்றுமதியாகும் தேன் ஐந்து அடையாளங்களைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. நான்கு வேதிப்பொருள்கள், ஒன்று மனுக்கா மகரந்தத்தின் மரபணுத் தடயம். கவனியுங்கள், அந்த ஐந்தில் மெத்தில்கிளையாக்சால் இல்லை. தேன் மனுக்காவிலிருந்து வந்ததா என்பது ஒரு கேள்வி. எம்ஜிஓ எவ்வளவு என்பது வேறு கேள்வி. கடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். எந்த அளவு என்றே சொல்லாமல் வெறும் "15+" என்றோ "ஆக்டிவ்" என்றோ போட்டிருக்கும் புட்டிக்கு மனுக்கா விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு. கண்காட்சியில் தேன் விற்ற பெண், "இது இயற்கைச் சர்க்கரை ஐயா, நீரிழிவுக்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றார். காலையில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்கிறேன். சரிதானே? (வாசகர், தோ பாயோ)

சரியில்லை, ஐயா. இன்றே குறையுங்கள்.

ஒரு மேசைக்கரண்டித் தேன் சுமார் 21 கிராம். அதில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை. இரண்டு கரண்டி என்றால் 34 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, தேனில் உள்ள சர்க்கரையையும் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உச்ச வரம்பு சுமார் 50 கிராம், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நீரிழிவு இல்லாதவருக்கே இந்தக் கணக்கு. நீங்கள் பசியாறுவதற்கு முன்பே 34 கிராம் போய்விட்டது. அதன் பிறகு கோப்பிக் கடையில் ஒரு தே குடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீனியைவிடத் தேன் இரத்தத்தில் சற்று மெதுவாக ஏறலாம். அதுவும் தேனுக்குத் தேன் மாறும். அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துக்கொண்டு "தாராளமாக" என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. தேயிலைக்குச் சீனிக்குப் பதிலாக அரைத் தேக்கரண்டித் தேன் போட்டுக் குடிக்க ஆசையிருந்தால், குடித்த இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சோதித்துப் பாருங்கள். உங்கள் உடம்பு எப்படி ஏற்கிறது என்பதை உங்கள் கருவியே காட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த இரண்டு கரண்டியை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிடக் கூடும்.

கேள்வி: என் தந்தைக்குக் காலில் ஆறாத புண். மருத்துவமனையிலேயே தேன் வைத்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் இருக்கும் மனுக்கா தேனைத் தடவி வருகிறோம். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

உங்கள் தந்தைக்கு நீரிழிவு உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், இந்த இதழை மூடிவைத்துவிட்டு முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீரிழிவுக்காரரின் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். வலி இல்லாததால் புண் உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. விரலையும் பாதத்தையும் இழந்து சக்கர நாற்காலியில் மருந்தக முகப்புக்கு வந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் வீட்டு வைத்தியத்தில் வாரங்களைக் கடத்தியவர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. தேன் தன் வல்லமையைக் காட்டுவது புண்ணின் மேல்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் மனுக்கா வகைத் தேன் கொண்ட காயக்கட்டு ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. 2015இல் காக்ரேன் அமைப்பு பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. தோலின் மேலடுக்குகளைப் பாதித்த தீக்காயங்கள் வழக்கமான சில கட்டுகளைவிடத் தேன்கட்டில் விரைவாக ஆறின. நீரிழிவுப் பாதப்புண் போன்றவற்றுக்கு உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. மேலும் மருத்துவமனைத் தேன் காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டது. உங்கள் சமையலறைப் புட்டி அப்படிப்பட்டதில்லை. அதில் கிருமி வித்துகள் இருக்கலாம், ரொட்டித் துணுக்கு ஒட்டிய கரண்டியும் அதற்குள் போய் வந்திருக்கும். சாப்பிடும் தேனைத் திறந்த புண்ணில் வைக்காதீர்கள், எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

கேள்வி: பேரன் பிறந்து இருபது நாள் ஆகிறது. எங்கள் வழக்கப்படி சேனை தொட்டு வைக்க ஊரிலிருந்து மலைத்தேன் வரவழைத்திருக்கிறேன். மகள் தடுக்கிறாள். (வாசகி, உட்லண்ட்ஸ்)

மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. மலைத்தேன், கடைத்தேன், மனுக்கா என்ற வேறுபாடே இல்லை. குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். நம் குடலில் அவை பிழைப்பதில்லை. பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டுபோகும், அழுகை மெலியும், பால் உறிஞ்ச முடியாது, மூச்சும் நிற்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சூப்பானில் தொட்டு வைப்பதும் இதில் அடங்கும். சடங்கு வேண்டுமென்றால் தாய்ப்பாலைத் தொட்டு வையுங்கள். அந்த மலைத்தேனைப் பேரனின் முதல் பிறந்தநாள்வரை எடுத்து வையுங்கள். நல்ல தேன் கெட்டுப்போகாது.

கேள்வி: ஜோகூருக்குப் போனபோது "மாடு கெலுலுட்" என்று ஒரு தேன் வாங்கினோம். தண்ணீராக இருக்கிறது, புளிக்கிறது, மூடியைத் திறந்தால் நுரைக்கிறது. ஏமாந்துவிட்டோமா? (வாசகி, தெம்பனிஸ்)

இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மலாயில் "மாடு" என்றால் தேன்; கெலுலுட் என்பது கொட்டாத சிறு தேனீ. நம் ஊரில் சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் கூடு கட்டும், கொசு அளவே இருக்கும். அதனால் அதன் தேனுக்குக் கொசுத்தேன் என்று பெயர். அந்த இனத்தின் மலேசிய உறவுதான் நீங்கள் வாங்கிய தேனைத் தந்தது. இந்தத் தேனீ அறுகோண அடை கட்டுவதில்லை. பிசினும் மெழுகும் கலந்து சின்னச் சின்னக் குடங்கள் செய்து அவற்றில் தேனைச் சேர்க்கிறது. அந்தப் பிசின் வாசம் தேனிலும் ஏறும்.

புளிப்பும் நீர்த்தன்மையும் அதன் இயல்பு. சாதாரணத் தேனுக்குப் பன்னாட்டு உணவுத் தரம் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் கூடாது என்கிறது. கெலுலுட்டுக்கென்று மலேசியா 2017இல் தனித் தரம் வகுத்து 35 விழுக்காடுவரை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு ஈரம் இருந்தால் நம் வெயிலுக்கு நொதிக்கத்தான் செய்யும். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூடியை அவ்வப்போது தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். பூசணம் பூத்தாலோ சாராய நெடி தூக்கலாக அடித்தாலோ வீசிவிடுங்கள்.

இதில் ஒரு புதுமையும் உண்டு. 2020இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் நாடுகளின் கொட்டாத தேனீத் தேன்களை ஆராய்ந்து, அவற்றில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை பெருமளவு இருப்பதைக் கண்டார்கள். 100 கிராம் தேனில் 13 முதல் 44 கிராம்வரை. சீனியைவிட மெதுவாக இரத்தத்தில் சேரும் சர்க்கரை அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோ பாயோ ஐயா இதைப் படித்துவிட்டு கெலுலுட்டுக்கு மாறிவிட வேண்டாம்! மீதிச் சர்க்கரை எல்லாம் அதில் இருக்கத்தான் செய்கிறது. கெலுலுட்டுக்கும் இப்போது மவுசு கூடி, அதன் பெயரிலும் அற்புதக் கதைகள் கிளம்பிவிட்டன. குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி கலந்து, நாலு சொட்டு கலமன்சிச் சாறு விட்டுக் குடித்துப் பாருங்கள். எலுமிச்சைத் தண்ணீரைவிட எனக்கு அது பிடிக்கும்.

ஒரு வேண்டுகோள். கொசுத்தேனைக் கண்ணில் விட்டால் பார்வை தெளியும் என்று ஊரில் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: பெயர் வேண்டாம். ஆண்களுக்கான "ராஜ தேன்" என்று சிறு பொட்டலங்களில் விற்கிறார்கள். எல்லாம் மூலிகைதான் என்கிறார்கள். எனக்கு இதய நோயும் உண்டு. (வாசகர்)

தொடாதீர்கள். 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட தேன் விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆண்மைக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாஃபில், தடலாஃபில் மருந்துகளைப் பொட்டலத்தில் சொல்லாமல் தேனில் கலந்திருந்தார்கள். இவை மருத்துவர் சீட்டோடு தர வேண்டிய மருந்துகள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையையோ அந்த வகை வேறு மருந்தையோ நீங்கள் பயன்படுத்தினால், இரண்டும் சேர்ந்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று வீழ்த்திவிடும். உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் இதைப் போலப் பலவற்றைக் கேட்டவர், உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார். கேட்டதே நல்லது, பலர் கேட்பதில்லை.

கேள்வி: காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் எடை குறையுமா? சூடாக்கிய தேன் நஞ்சு என்பது உண்மையா? (வாசகி, செங்காங்)

குறையாது, அதுவும் கலோரிதான். நஞ்சும் இல்லை. தேனைச் சூடாக்கினால் எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். வறுத்த காப்பிக்கொட்டையில் அது இன்னும் அதிகம். கொதிக்கும் நீரில் தேனின் நொதிகளும் மணமும் போய்விடும், அவ்வளவுதான். குடிக்கும் சூடு வந்த பிறகு கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, திரியில் தொட்டால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது என்று சோதிக்கிறோம். இப்போது வாங்கிய தேன் அடியில் சீனியாக உறைந்துவிட்டது, கலப்படம்தானே? (வாசகர், பிடோக்)

உங்கள் சோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் போய் நிற்கும். திரி எரிவதும் எரியாததும் ஈரத்தைப் பொறுத்தது. எறும்பு நல்ல தேனையும் விடாது.

இப்போதைய கலப்படம் நம் வீட்டுச் சோதனைக்கெல்லாம் பிடிபடாத அளவுக்குத் தேர்ந்துவிட்டது. 2020இல் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் இந்தியச் சந்தைத் தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்தபோது, பெயர்பெற்ற நிறுவனங்களின் தேன்களே பல தேறவில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளை ஏய்ப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட பாகு அவற்றில் கலந்திருந்ததாக அந்த மையம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320இல் 46 விழுக்காடு ஐயத்துக்கு உரியவை. உலகமெங்கும் இந்த நிலைதான்.

உறைவது கலப்படத்தின் அறிகுறி இல்லை. தேன் நீரில் தாங்கக்கூடியதைவிட அதிகமான சர்க்கரை கரைந்த நிலையில் இருப்பது. குளுக்கோஸ் மிகுந்த தேன் விரைவில் மணிமணியாக உறையும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தீர்களானால் இன்னும் சீக்கிரம் உறையும். வெதுவெதுப்பான நீரில் புட்டியைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். கலப்படம் என்று நினைத்து நல்ல தேனைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரி, நீங்கள் வீட்டில் என்ன தேன் வாங்குகிறீர்கள்? கடையில் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்? (வாசகி, சுவா சூ காங்)

பேரங்காடியில் பத்து வெள்ளிக்கு அக்கம்பக்கமாக விற்கும் அரைக்கிலோ சாதாரணத் தேன்தான் எங்கள் வீட்டு அன்றாடத் தேன். அதற்கு ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை 2012இல் வெளியானது. இரவு இருமலுக்கு யூகலிப்டஸ் தேன், நாரத்தை வகைப் பூக்களின் தேன், துளசி இனச் செடிகளின் தேன் ஆகிய மூன்றில் ஒன்றை, 10 கிராம், படுப்பதற்கு அரை மணி நேரம் முன் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் தேன்போலத் தோற்றமளிக்கும் பேரீச்சம்பழப் பாகு. மூன்று தேன்களும் பாகைவிட இருமலை நன்றாகத் தணித்தன. இவற்றில் எதுவும் மனுக்கா இல்லை. பிரிட்டனின் சுகாதார அமைப்புகளும் 2018 முதல் சாதாரண இருமலுக்குக் கிருமிக்கொல்லிக்கு முன் தேனைத்தான் சொல்கின்றன. எங்கள் வீட்டில் இஞ்சிச் சாற்றில் ஒரு கரண்டித் தேன் குழைத்து, ஒரு சிட்டிகை மிளகுத்தூள். என் பாட்டி செய்ததும் இதுதான், என் பேத்திக்குத் தருவதும் இதுதான். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ கூடவே இருந்தால் தேனை நம்பி உட்காராதீர்கள்.

தேக்காப் பக்கம் போகும்போது தமிழ்நாட்டுத் தேன் கிடைத்தால் வாங்குவேன். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்ற தேன். கன்னியாகுமரியின் ரப்பர்த் தோட்டங்களில் இளந்தளிரில் சுரக்கும் இனிப்பை எடுத்துத் தேனீக்கள் சேர்ப்பது அது. இங்கேயே சிங்கப்பூரில் சிலர் தோட்டங்களில் தேனீ வளர்த்துச் சிறு அளவில் தேன் எடுக்கிறார்கள். மலிவாக இருக்காது, ஏனென்றால் கிடைப்பதே கொஞ்சம். ஆனால் விற்பவரிடமே எந்தப் பெட்டி, எப்போது எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த விலையை நான் மனநிறைவோடு கொடுப்பேன்.

கடையில் புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஒரே நாட்டின் பெயர் இருக்கிறதா, அல்லது "பல நாட்டுத் தேன்களின் கலவை" என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளடக்கத்தில் தேன் என்ற ஒரு சொல்லைத் தவிரக் குளுக்கோஸ் பாகு, சுவையூட்டி என்று எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மற்ற தேன்களைவிட நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் ஐயப்படுங்கள். பாகின் விலைக்குத் தேனீ உழைக்காது. வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு அருகில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போக வேண்டாம், மூடியை இறுக மூடுங்கள். நம் காற்றின் ஈரத்தைத் தேன் இழுத்துக்கொண்டால் மேல்பரப்பு நீர்த்துப் புளிக்கத் தொடங்கிவிடும்.